சத்தம் போடாத செருப்பு

வேலையை விட்டு நின்ற பிறகு எல்லாரும் என்னை உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் என் காது எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் முத்தியால்பேட்டை தெருவில் ஒருவர் போனால் எட்டிப் பார்க்காமலே சொல்வேன், இவருக்கு முட்டி வலி, அந்தப் பெண்ணுக்குச் செருப்பு பெரிசு என்று. மருமகள் சமையல்கட்டிலிருந்து கத்துவாள்.

"அத்த, தெருவுல போறவங்க கால வுட்டுட்டு காபியக் குடிங்க. ஆறிப் போவுது."

ஆறட்டும். சூடாகக் குடித்துவிட்டு எங்கே ஓடப் போகிறேன்? ஓட இடம் இல்லாததுதான் எனக்குக் கஷ்டமே.

போன வாரம் எங்கள் மருத்துவமனையிலிருந்து ஒரு ஃபிசியோ பெண் வீட்டுக்கு வந்தாள். நான் இருந்தபோது பயிற்சிக்கு வந்த சின்னப் பெண், இப்போது அங்கே வேலை. பையிலிருந்து பட்டை ஒன்றை எடுத்துத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டு என் கூடத்தில் நடந்தாள். அவள் நடக்க நடக்கக் கையிலிருந்த செல்போன் பாடியது. காலைத் தூக்கினால் ஒரு சுரம், வைத்தால் ஒரு சுரம். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. நானும் கட்டிக்கொண்டு கொல்லைவரைக்கும் போய்ப் பார்த்தேன். என் கால் என்னமாய்ப் பாடுகிறது!

"ஆயாம்மா, எலிஸ் மதாம் காலத்துச் செருப்புப் பொட்டியப் பத்திச் சொல்லுங்க. புதுசா வந்த பிள்ளைங்களுக்குப் படிக்கக் குடுக்கணும்" என்றாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். நான் 'வந்துட்டேன்' என்றால் 'வந்துவிட்டேன்' என்று இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாள். என் பேச்சை என்னவோ செய்துகொள், மற்றவர்கள் பேசினதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் அந்த மருத்துவமனைக்குத் தரை துடைக்கப் போனவள். வீட்டுக்காரர் வேலை பார்த்த பஞ்சாலை மூடி, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு கிடைத்த வேலை. ஒருநாள், நோயாளி நடக்கும்போது விழாமல் இடுப்பு பெல்ட்டைப் பிடிக்கும் ஆள் வரவில்லை. நடைப் பயிற்சிக் கூடத்தை நடத்திய எலிஸ் மதாம், துடைப்பத்தோடு நின்ற என்னைப் பார்த்து, "செபா, கை கழுவிட்டு வாங்க" என்றார். அதுதான் எனக்குப் படிப்பு, பட்டம் எல்லாம். நோயாளியின் கையைப் பிடித்து இழுக்காதே, இடுப்புப் பெல்ட்டைப் பிடி. வாதத்தில் விழுந்த பக்கமாக நில், நல்ல பக்கம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அவர்கள் நடக்கும்போது பேசாதே. முதல் இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டன. மூன்றாவது வேலையை விட்டு நிற்கும்வரை வரவில்லை.

மதாம் பிரான்சில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் அப்பா வழியில் எல்லாரும் அங்கேதான். இவர் மட்டும் மத்தியானம் ரொட்டியோடு மாங்காய் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இங்கேயே இருந்தார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது நன்றாக நடந்தால் நாங்கள் கை தட்டுவோம், அது அவருக்குப் பிடிக்காது. "குழந்தையா அவங்க? கை தட்டாதீங்க. அடுத்த அடி எப்படி வருதுன்னு பாருங்க" என்பார். 'பாருங்க' என்று எங்களுக்குச் சொல்வாரே தவிர, அவர் பார்க்க மாட்டார். நோயாளிக்கு முதுகைக் காட்டி, கை கழுவும் தொட்டியைப் பார்த்தபடி நிற்பார். கண் மூடியிருக்கும். முதலில் நான், மதாம் தூங்குகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டியைச் சொல்கிறேன். டிபன் டப்பா அளவுதான் இருக்கும், இடுப்பில் கட்டலாம். அதிலிருந்து ஒயர் காலோடு இறங்கிச் செருப்புக்குள் போகும். செருப்பில் குதிகாலுக்குக் கீழே ஒரு பொத்தான், விரலுக்குக் கீழே ஒரு பொத்தான். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பாதம் மரத்திருக்கும். தரை எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியாது. குதிகால் முதலில் தரையில் படவேண்டும், அதுதான் நடை. விரல் முதலில் பட்டால் தடுக்கி விழுவார்கள். குதிகால் சரியாகப் பட்டால் பெட்டி 'டிங்' என்று மணி அடிக்கும். காலுக்குத் தெரியாததைக் காது எடுத்துச் சொல்லும், அவ்வளவுதான் சங்கதி.

கட்டுவது என் வேலை. முதலில் பாதத்தைத் துடைக்கவேண்டும். விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், மரத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது. ஒயரை முட்டியில் கொஞ்சம் தளர்வாக விட்டு ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் மடக்கும்போது இழுக்கும். ஒட்டுவதற்கு முன்னால் "ஒட்டட்டுமா?" என்று கேட்கவேண்டும். கேட்காமல் தொட்டால் மதாம் ஒன்றும் சொல்ல மாட்டார், என்னைப் பார்ப்பார். அதற்கு நாலு திட்டு வாங்கலாம்.

தாளம் மட்டும் அடிக்கிற பெட்டி ஒன்றும் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற தாத்தா ஒருவர், நாங்கள் சொல்தா என்போம், பிரெஞ்சில் சிப்பாய். அவருக்கு நடுக்க நோய். வாசற்படி கண்ணில் பட்டால் போதும், கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். 'டக் டக்' என்று தாளம் போட்டால் விறைப்பாக நடப்பார். தாளத்தை நிறுத்தினால் ரோட்டு நடுவிலும் நின்றுவிடுவார்.

"ஆர்டர் வரலியே மதாம், எப்படி நடக்குறது?" என்பார்.

அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொள்ளும். "கட்டுன நாள்லேர்ந்து நான் சொல்லி ஒரு நாள் நடந்தாரா? பொட்டி சொன்னா நடக்குறாரு!"

அவர் தன் வாயாலேயே அன், தெ, அன், தெ என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு மெல்லச் சொல்லிக்கொண்டு நடக்கப் பழகுவதற்குள் மதாமுக்குப் பொறுமை எவ்வளவு வேண்டியிருந்தது! பெட்டி ஊன்றுகோல்தான் செபா, ஒருநாள் கீழே போடணும், போடுற வழிதான் கஷ்டம் என்று அப்போது சொன்னார். எனக்கு அது ராபியாம்மா வந்த பிறகுதான் புரிந்தது.

ராபியாம்மா டவுனுக்குள், பள்ளிவாசலுக்குப் பின்வீதியில் இருந்தவர். வீட்டுக்காரர் ஜவுளி வியாபாரம் செய்து காலமாகிவிட்டார். ஒரே மகன் யூசுப், பிரான்சில் வேலை. அம்மா அந்த நீள வீட்டில் தனியாக இருந்தார், சந்தோஷமாகத்தான் இருந்தார். திடீரென்று இடது பக்கம் விழுந்துவிட்டது. கை சீக்கிரம் திரும்பி வந்தது. கால் வரவில்லை.

மகன் போனிலேயே முடிவு செய்துவிட்டான். லீவு எடுத்துக்கொண்டு வருவான். அதற்குள் அம்மா யார் துணையும் இல்லாமல் வீட்டுக்குள் நடந்தால் சரி. இல்லாவிட்டால் மூலக்குளத்தில் மாமன் மகன் வீட்டில் கீழ் அறை, இந்த வீட்டைப் பூட்டிவிடவேண்டியது.

"அங்க என்ன குறை? நல்லாத்தான் பாத்துப்பாங்க" என்றேன் நான், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"பாத்துப்பாங்க. காலையில டீ குடுப்பாங்க, மத்தியானம் சோறு குடுப்பாங்க. நான் யாருக்கு ஒரு டீ குடுக்குறது?" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. மகன் வருகிற நாள் நெருங்குகிறது, ராபியாம்மா செருப்பு மணி அடிக்க மாட்டேன் என்கிறது. பூனை மாதிரி விரல் நுனியில் நடக்கிறார். விரல் தரையில் இழுக்கிறது, தடுக்குகிறது, பெல்ட்டைப் பிடித்து நான்தான் நிறுத்துகிறேன். காது மந்தமாக இருக்கும் என்று பெட்டிச் சத்தத்தைக் கூட்டினோம். கூட்டக் கூட்ட அவர் நடை இன்னும் மெத்தென்று ஆனது. இன்னும் கூட்டினோம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், "மாதா கோயில் மணிய இங்க கொண்டாந்து கட்டிட்டீங்களா?" என்று கேட்டார். மணி எப்போதாவது ஒரு தடவை தப்பித்தவறி அடித்தால் ராபியாம்மா முகம் சிவந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார். எங்களுக்கு அது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

மதாம் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். பல நாள் அப்படி நின்றார். ஒரு மத்தியானம் ஆண்கள் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கூடத்தில் நாங்கள் மூன்று பெண்கள்தான். டிங். கொஞ்ச நேரம் கழித்து, டிங். அப்புறம் வரிசையாக, டிங் டிங் டிங். என் கை பெல்ட்டில் சும்மா கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஃபிசியோ தம்பி பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். மணி நின்றுவிட்டது.

மதாம் திரும்பினார். நாற்காலியை இழுத்து ராபியாம்மா எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தச் சத்தம் உங்களுக்குக் கூச்சமா இருக்கா?"

ராபியாம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்கம்மா எனக்குக் கொலுசே போட்டதில்லம்மா. பொம்பளக் காலு சத்தம் அடுத்த ஆம்பள காதுல வுழக் கூடாதுன்னு வளத்தாங்க. ஒங்க பொட்டி நான் அடி வைக்கிறப்பெல்லாம் ஊரக் கூப்புடுது. எனக்கு ஒடம்பே கூசுது."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"இந்த அம்மா குனிஞ்சு என் காலத் தொடச்சு, அவ்வளவு மெனக்கெட்டுக் கட்டுறாங்க. எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் ஆயிற்று. எங்கள் வீட்டிலும் அதே பாட்டுத்தான். 'தரை அதிர நடக்குற பொண்ணு குடும்பத்துக்கு ஆவாது' என்று என் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். மாதா கோயிலுக்குப் போகிற வீடானாலும், பள்ளிவாசலுக்குப் போகிற வீடானாலும் பெண்ணின் கால் மட்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறது. அந்தப் படிப்பை மணி அடித்து மாற்ற முடியுமா?

காதில் மாட்டுகிற குழாயைக் கொடுத்துப் பார்த்தார் மதாம். "எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு என்னமோ வீதிக்கே கேக்குற மாதிரி இருக்கு" என்று ராபியாம்மா கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மதாம் செருப்பையும் பெட்டியையும் பையில் போட்டு, என்னை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு தட்டாஞ்சாவடிக்குப் போனார். அங்கே எங்கள் சாமான்களைப் பழுது பார்க்கிற பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார்.

"மாத்திப் போடணும். குதிகால் பட்டா பெட்டி பேசக் கூடாது. விரல் முதல்ல பட்டா மட்டும் கத்தணும்" என்றார் மதாம்.

பட்டறைக்காரர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா ஓடிக்கிட்டிருக்குற மெஷின தலகீழா ஓட்டச் சொல்றீங்களே மதாம்!"

"ஆமா. தலகீழா இருந்தது நாங்கதான்."

சாயங்காலத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார். மணிக்குப் பதில் கரகரவென்று ஒரு சத்தம், தவளை தொண்டை கட்டினால் கத்துமே, அந்த மாதிரி.

ராபியாம்மா கட்டிக்கொண்டு முதல் அடி வைத்தார், விரல் நுனியில். 'கர்ர்ர்' என்றது. கூடமே திரும்பியது. அவர் அப்படியே நின்றார். ஒரு மூச்சு விட்டார். அடுத்த அடியில் குதிகாலை அமுத்தி வைத்தார் பாருங்கள்! பெட்டி மூச்சு விடவில்லை. இன்னொன்று. மூச்சு விடவில்லை. நாலைந்து அடிக்கு ஒரு தடவை கத்தும், அவர் பெட்டியைத் திட்டுவார்.

"எங்க மாமியாராட்டம் இருக்குதும்மா இது! நல்லது செஞ்சா ஒரு வார்த்த கெடயாது. தப்பு செஞ்சா ஒடனே வாயத் தொறக்குது."

"ஒங்க மாமியார எப்படி அடக்குனீங்க?" என்றேன்.

"எங்க அடக்குனேன்? அதுவா மௌத்தாயிடுச்சு. இத நான் அடக்குறேன் பாரு."

அடக்கினார். பெட்டியின் வாயை மூடுவது அவருக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. எனக்கு வீட்டுக்குப் போகவே மனம் வராது. பஸ்ஸில் உட்கார்ந்தால் என் குதிகாலும் சேர்ந்து அமுத்தும்.

அப்புறம்தான் பேட்டரி விஷயம். ஒருநாள் ராபியாம்மா நடந்து முடித்துப் போன பிறகு, கழற்றி வைத்த பெட்டியைப் பார்த்தால் விளக்கு எரியவில்லை. பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. பெட்டி கத்தாதது அவர் சரியாக நடந்ததாலா, அதற்கு உயிர் இல்லாததாலா? மதாம் மட்டும் சிரித்தார். அவர் முதுகைக் காட்டிக் கேட்டுக்கொண்டுதானே இருந்தார், ஒரு விரல்கூட இழுக்கவில்லையாம். சொல்தாவுக்குத் தாளம் நின்றால் கால் நின்றுவிடும். இவருக்குப் பெட்டி செத்ததே தெரியவில்லை. ஊன்றுகோல் தானாகவே கீழே விழுந்துவிட்டது.

"அப்ப இப்படியே வுட்டுடலாம் மதாம். வெறும் பெட்டியக் கட்டியே அனுப்பிடலாம். மகன் வேற வர்றான்" என்றேன்.

"அவங்க கால் செபா அது. அவங்களுக்குத் தெரியாம அது நடந்து என்ன பிரயோஜனம்?"

சொன்னார். பேட்டரி செத்திருந்ததை ராபியாம்மாவிடம் சொன்ன அன்றே எல்லாம் போயிற்று. பெட்டி இல்லை என்று தெரிந்ததும் ராபியாம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. கால் பழையபடி பூனையானது. தடுக்கி என் மேலேயே சாய்ந்தார். எனக்கு மதாம் மேல் அப்படி ஒரு கோபம். வாயைத் திறந்தால் என்ன சொல்வேனோ என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, என் வேலையே இல்லாத தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் மகன் வந்து இறங்கிவிட்டான்.

மதாம் அசையவில்லை. "இங்க வேணாம். அவங்க வீட்டுல பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பெட்டியை எடுக்காமலே போனோம். நீளமான பழைய வீடு. தெருக்கதவு, கூடம், ஒரு நிலைப்படி, பின்னால் சமையல்கட்டு. யூசுப் நல்ல பிள்ளை, அதைச் சொல்லவேண்டும். அம்மா பக்கத்தை விட்டு நகரவில்லை. ஆனால் ஒரு இடத்தில் நிற்க மாட்டான், என்னைவிட மோசம். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளை இப்படித் தள்ளுகிறான், ஜன்னலை அப்படித் திறக்கிறான். மூலக்குளத்துக்குப் போன் செய்து கட்டில் போட்டாச்சா என்று கேட்கிறான். பிறகு செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாராக நின்றான்.

"அம்மா, நடந்து காட்டும்மா. பாக்கலாம்."

"நான் என்ன சர்க்கஸ் யானையா?" என்று ராபியாம்மா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

"இதத்தான் நான் சொன்னேன் மதாம்" என்றான் யூசுப். கோபம் இல்லை, அழுகிற குரல். "நான் அங்க உக்காந்துக்கிட்டு எப்படித் தூங்குறது? ராத்திரி கதவ யாரு சாத்துறது? யாராச்சும் வந்து தட்டுனா யாரு தொறக்குறது? சொல்லுங்க."

என்ன செய்வது என்று தெரியாமல் அவன், "இருங்க, டீ போட்டுக் கொண்டாறேன்" என்று சமையல்கட்டுக்குப் போனான். டப்பா விழுகிற சத்தம். மூடி உருள்கிற சத்தம். அடுப்பு பற்றவைக்கத் தெரியாமல் டக் டக்கென்று தட்டுகிற சத்தம். ராபியாம்மா நாற்காலிக் கையைப் பிடித்தார்.

"டேய், அது உப்புடா!"

"எது உப்பு?"

"அந்தப் பச்ச மூடி. வை அத! ஒண்ணும் தொடாத!"

எழுந்துவிட்டார். நான் பாய்ந்தேன். மதாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை, வலித்தது. பிடித்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை, பார்த்தேன். கூடம் முழுவதும் குதிகால், குதிகால், குதிகால். நிலைப்படியில் ஒரு கை வைத்துத் தாண்டினார். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. யூசுப் கையில் டப்பாவோடு திரும்பியபோது அம்மா அவன் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவன் பயந்தே போய்விட்டான்.

"எப்பம்மா வந்த?"

"நவுரு. பால் பொங்கப் போவுது."

டீ வந்தது, இஞ்சி தட்டிப் போட்டு. எனக்குக் கையில் கொடுத்தது அவர்தான். அவ்வளவு நல்ல டீ நான் குடித்ததில்லை, நாக்கு வெந்துபோனதுகூடத் தெரியவில்லை.

ஆனால் யூசுப் மனம் இன்னும் அலைந்துகொண்டிருந்தது. எங்களை வழியனுப்ப வீதிக்கு இறங்கி வந்தான். "இன்னிக்கு நடந்துட்டாங்க மதாம். நாளைக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தான், வைத்தான், மறுபடியும் எடுத்தான். மதாம் பதில் சொல்வதற்குள் பின்னால் உள்ளேயிருந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

யூசுப் ஓடிப்போய்த் தட்டினான். "அம்மா! நான் வெளிய நிக்கிறேன்!"

மறுபடியும் தட்டினான். வீட்டின் கடைசியிலிருந்து, சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

"யாரு?"

"நான்தாம்மா, யூசுப்பு!"

"இரு, வர்றேன்."

நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். யூசுப் கதவில் காதை வைத்தான். மதாம் கண்ணை மூடிக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். சமையல்கட்டு, நிலைப்படி, கூடம், இவ்வளவு தூரமும் ஒரு சத்தம் இல்லை, விரல் இழுக்கிற சத்தம்கூட இல்லை. அம்மா விழுந்துவிட்டாரோ என்று யூசுப் முகம் வெளுத்து எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

தாழ்ப்பாள் திறந்தது.